கடைசி ஸ்டாப்பிங்கில் என்ன இருக்கு?

செப்டம்பர் 9, திங்கள்

கிளினிக் பயிற்சியின் முதல் நாளே கோட்டை விட்டேன். காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். பெல்லை அழுத்தவில்லை.

நான் படிக்க வந்த இந்த நாட்டில் பேருந்தில் கண்டக்டர் கிடையாது. இறங்க வேண்டியவர் கம்பியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் வண்டி நிற்கும். இது எனக்குத் தெரியும். பொத்தானும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நான் ஒரு கண்டக்டரின் மகள். எங்கள் வீட்டில் பெல் என்பது அம்மாவின் சொத்து. யாராவது பயணி அவசரப்பட்டு அதைத் தொட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். அந்த வளர்ப்பு என் கையைப் பிடித்துக்கொண்டது. வேறு யாராவது அழுத்துவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். கிளினிக் ஜன்னலுக்கு வெளியே வந்தது. போயும் விட்டது.

அடுத்த நிறுத்தத்திலிருந்து திரும்பி ஓடினேன். மேற்பார்வையாளர் அம்மையார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இனி இவர் பெயர் கடிகாரம்மா. மூன்று முறை தாமதமானால் இந்தப் பயிற்சி செல்லாது, அடுத்த வருடம் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

அழுத்தினேன். வண்டி நின்றது. அடுத்த வீட்டுப் பூவைப் பறித்த மாதிரி முகம் சுட்டது.

செப்டம்பர் 18, புதன்

இரண்டாவது தாமதம். நிறுத்தத்தில் நின்றேன், வண்டி வந்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அவர் போய்விட்டார். கையை நீட்டினால்தான் நிற்பார்களாம்! ஸ்டாப்பிங்கில் ஆள் நின்றால் வண்டி நிற்க வேண்டும் என்பது அம்மா சொல்லி வளர்த்த வேதம். அது இந்த ஊரில் எடுபடவில்லை.

பிசியோதெரபி படிக்க இத்தனை தூரம் வந்துவிட்டு, பஸ் ஏறத் தெரியாமல் ஃபெயிலாகப் போறேனா? இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி.

அம்மாவிடம் போனில் அழுதுவிட்டேன். அழுதிருக்கக் கூடாது. முழங்கால் தேய்ந்துவிட்டது என்று இந்த வருடம்தான் அவளை வண்டியிலிருந்து இறக்கி டிப்போ அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவளுக்கே ஆயிரம் புலம்பல். ஆனால் நான் மூக்கைச் சிந்தி முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரூட் நம்பர் என்ன?"

செப்டம்பர் 23, திங்கள்

தம்பி அம்மாவின் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதில் என் வண்டி ஒரு நீலப் புள்ளியாக ஊர்ந்து வருகிறதாம். என் காலை நேரம் அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"பாலத்துகிட்ட வந்துடுச்சு. எந்திரி. கையை நீட்டு. நல்லா நீட்டுடி, காசா பணமா?"

நீட்டினேன். நின்றது.

ஏறிய பிறகும் விடவில்லை. இந்த ஊர்ப் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் ஆப்பில் வரும் தெருப் படங்களைப் பார்த்து அவளே பெயர் வைத்துவிட்டாள். பச்சைக் கதவு, மூணு மரம், நீச்சல் குளம், கல்லறை, மாடிப் பள்ளிக்கூடம், இன்னும் நாலைந்து. என் கிளினிக்குக்கு 'முட்டிவலி'. ஒவ்வொன்றையும் அந்தப் பழைய கண்டக்டர் இழுப்போடு சொன்னாள். "முட்டிவலியெல்லாம் முன்னாடி வா" என்றதும் நான் சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அக்டோபர் 8, செவ்வாய்

கடைசி ஸ்டாப்பிங்கில் என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டாள். அவள் போனில் அங்கே வெள்ளையாக மட்டும் தெரிகிறதாம். நான் நடுவிலேயே இறங்கிவிடுகிறேன், எனக்கெப்படித் தெரியும்? ஏறுகிற வண்டி எங்கே போய் நிற்கிறது என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் என்ன படிப்பு என்று ஒரு குட்டு வைத்தாள்.

அக்டோபர் 21, திங்கள்

வழி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அம்மா தினமும் கூப்பிட வேண்டியதில்லை. சோற்றை ஆறவிட்டுவிட்டு எதற்கு இந்தப் பாடு? இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

"இன்னைக்குக் கூட்டம் இல்ல போல, ஜாலியா வருது பாரு வண்டி" என்றாள். எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்! சொல்லவில்லை. இனியும் சொல்லப் போவதில்லை.

ஒன்று கவனித்தேன். எல்லாம் சொல்கிறாள், வண்டி கிளம்பும்போது "போலாம், ரைட்" மட்டும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டேன். "அது நிக்கிறவ சொல்றது. நாற்காலியில உக்காந்துகிட்டுச் சொல்லக் கூடாது" என்றாள். அதோடு பேச்சை மாற்றிவிட்டாள்.

நவம்பர் 14, வியாழன்

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

டிப்போவில் தணிக்கை, கூப்பிட முடியாது என்று அம்மா நேற்றே சொல்லியிருந்தாள். நல்ல மழை. ஜன்னலெல்லாம் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. நிறுத்தத்தின் பெயரைக் காட்டும் பலகை அணைந்து கிடந்தது. ஓட்டுநர் புதியவர், கழுத்தை நீட்டி நீட்டி ஓட்டினார். கல்லறைக்கு முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டு மறித்திருந்தார்கள். வேறு தெருவுக்குள் திருப்பினார். ஒரு முச்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டார். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை, பாவம். வண்டிக்குள் யாரும் வாயைத் திறக்கவில்லை. இந்த ஊரில் பேருந்தில் பேசுவது தும்முவதை விட மோசம்.

எனக்குக் கடிகாரம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. போச்சு, மூணாவது தடவை, எல்லாம் போச்சு — உட்கார்ந்தே இருக்கப் போறியா என்று என்னையே கேட்டேன்.

எழுந்து முன்னால் போனேன். முன் கண்ணாடி வழியாகப் பார்த்தால், வலப்பக்கம் கூரைகளுக்கு மேலே ஒரு மொட்டைமாடி. மாடிப் பள்ளிக்கூடம்! வலதுபக்கம் போங்கள், அதுதான் அடுத்த நிறுத்தம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பினார்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. வெளியே எதுவும் தெரியாமல் எல்லாரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தமாகச் சத்தம் போட்டுச் சொன்னேன். பெயரெல்லாம் இந்த ஊருடையது, இழுப்பு மட்டும் அம்மாவுடையது. முதலில் முறைத்தார்கள். பிறகு ஒரு பெரியவர் தன் நிறுத்தம் வந்தால் சொல்லும்படி கேட்டார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போலாம், ரைட்" மட்டும் நான் சொல்லவில்லை. அது என்னுடையது இல்லை.

கிளினிக்குக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். தொண்டை கட்டிவிட்டது. உடம்பு சரியில்லையா என்று கேட்டு, கடிகாரம்மா தன் கையாலேயே வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நவம்பர் 15, வெள்ளி

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கை உறிஞ்சினாள். சரி, பாராட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"நீ முட்டிவலியில எறங்கிட்ட. மிச்ச ஜனத்துக்கு யார் சொன்னது?"

இவளோடு மனுஷி குடும்பம் நடத்த முடியுமா?

டிசம்பர் 12, வியாழன்

பயிற்சி முடிந்தது. கடிகாரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். கையைக் குலுக்கும்போதும் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

டிசம்பர் 16, திங்கள்

விடுமுறை. போர்வைக்குள் கிடந்தேன். வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது. வண்டி பாலத்துக்கு வந்துவிட்டது, கிளம்பிவிட்டாயா என்றாள் அம்மா. பயிற்சிதான் முடிந்துவிட்டதே, கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம், இனி அந்தப் பஸ் வேண்டாம் என்றேன்.

"ஆமால்ல" என்றாள். "சும்மா பார்த்தேன்." டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. சாப்பிட்டிருக்க மாட்டாள்.

அடுத்த வண்டி எங்கே வருகிறது என்று கேட்டேன். எதற்கு என்றாள். சொல்லும்மா என்று கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பச்சைக் கதவு, மூணு மரம், நீச்சல் குளம். எல்லாவற்றையும் சொன்னாள். முட்டிவலி வந்தது. நான் பெல்லை அழுத்தவில்லை. அதற்கப்புறம் வந்ததெல்லாம் நான் பார்க்காத தெருக்கள். அவளுக்கு அத்தனைக்கும் பெயர் தெரிந்திருந்தது. என்றைக்கு வைத்தாளோ! கடைசியில் வண்டி நின்று எல்லாரும் இறங்கினார்கள்.

"என்ன இருக்கு? சொல்லு."

"பெருசா ஒண்ணுமில்லம்மா. ஒரு பெஞ்சு, ஒரு மரம். டிரைவர் உக்கார ஒரு சின்ன ரூம்."

டீ போட வசதி இருக்கிறதா என்றாள். எட்டிப் பார்த்தேன். அடுப்பு இருந்தது, இருக்கிறது என்றேன். அப்படியென்றால் சரி என்று பெருமூச்சு விட்டாள், என்னவோ அந்த டிரைவர் அவளோடு பத்து வருடம் டியூட்டி பார்த்தவர் மாதிரி.

அவர் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திரும்பும் வண்டியில் நாலைந்து பேர் ஏறினார்கள். நான் முதல் சீட்டில் உட்கார்ந்தேன். கதவு மூடியது.

"எல்லாரும் ஏறியாச்சும்மா" என்றேன்.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. வலியில் லேசாக ஒரு முனகல். தொண்டையைச் செருமினாள்.

"போலாம், ரைட்!"

டிப்போ முழுக்கக் கேட்டிருக்கும். வண்டி கிளம்பியது.