ஒரு நாள் முந்திக் காட்டிய கணக்கு

12, திங்கள்

விடிய, சுபஹிலிருந்து தூறல். ரஸீனா ராத்தா இத்தா முடித்துப் படி இறங்கும்போது இருந்தவர்கள்: நான், மகள் ஷிபா, பக்கத்து வீட்டு ஸித்தி, ராத்தாவின் மருமகன் (ஆட்டோவோடு). வேறு ஒருவருமில்லை.

புருஷன் மவுத்தாகி விதவையானதிலிருந்து நாலு மாதம் பத்து நாள் இத்தா, வீட்டோடுதான். தன் மகளுக்குக் குழந்தை கிடைத்தும் ராத்தா வாசல் தாண்டவில்லை. இன்றைக்குத்தான் புத்தளம் போய்ப் பேரனைப் பார்க்கப் போகிறா.

ஸித்தி: "பார்த்து ராத்தா, றோட்டும் உங்கள மறந்தீக்கும்."

ராத்தா: "மறந்தா மறக்கட்டும். ஒரு நாள் கூடவுமில்ல, கொறையவுமில்ல. நேத்து பொழுதுபட்டு மஃரிபோட முடிஞ்சி. இவள்ட கம்பியூட்டர் கணக்கு."

எனக்குப் பெருமை. அல்லாஹ் மன்னிக்க வேணும்.

13, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. தேங்காய் 2, சவர்க்காரம் 1 வாங்க.

இத்தா முடியும் நாளைக் கணக்கெடுக்க நான் எழுதிய புரோகிராமை வீட்டு லெப்டொப்பில் சும்மா ஒருமுறை ஓட்டினேன். ராத்தாவுக்கு முடிவது: திங்கள் மஃரிப்.

மதரஸாக் கம்பியூட்டரில் ஓட்டி ராத்தாவுக்குக் கொடுத்த தாளில்: ஞாயிறு மஃரிப்.

மூன்று தரம் பார்த்தேன். ஒரே பெயர், ஒரே மவுத் தேதி.

பின்னேரம் அஸருக்குப் பிறகு காரணம் பிடிபட்டது. எழுதியது வீட்டு லினக்ஸில். மதரஸாவில் விண்டோஸ். ரேடியோவில் பிறை அறிவித்ததும் மாதாமாதம் நான் பதியும் அட்டவணை என் லெப்டொப்பில் இருக்கும் இடத்தைத்தான் புரோகிராம் தேடும். விண்டோஸில் அப்படி ஓர் இடமே இல்லை. காணாவிட்டால் நின்றிருக்க வேணும். நிற்காது. நான்தான் எழுதிவைத்தேன்: அட்டவணை இல்லாவிட்டால் கம்பியூட்டரில் உள்ள ஹிஜ்ரி கலண்டரை எடு என்று. அங்கே ஓடாமல் ஓடாமல் சிவப்பு எழுத்தாக வந்ததில் சலித்துப்போய்ச் செய்த வேலை. அந்தக் கலண்டர் ஊரில் பிறை கண்டதையா பார்க்கும்? ஒரு நாள் முந்திவிட்டது. இது பெருநாள் மாதமுமில்லை, பிறை எத்தனை என்று யார் பார்க்கிறார்?

ஷிபாவின் வாப்பா மீன்பிடித்துக் கடலால் வந்ததும் சொன்னேன். "ஒரு நாள்தானே, விடு."

"நோன்ப ஒரு நிமிஷம் முந்தித் தொறப்பீங்களா?"

வலையைச் சிக்கெடுக்கத் தொடங்கினார்.

14, புதன்

மழை விட்டது. மதரஸா.

அட்டவணையைப் புரோகிராமுக்குள்ளேயே வைத்துக் கட்டினேன். அந்த 'இல்லாவிட்டால்' வரியை அழித்தேன். லினக்ஸில் சரி. விண்டோஸில் ஓடும்படி கட்ட (பில்ட்) முடியவில்லை.

மத்தியானம் லுஹருக்கு முன் 6 தரம். பிழை.
பிறகு 5 தரம். பிழை.

ஷிபா வந்து நின்றாள். "உம்மா, சோறு அடிப்பிடிச்சிட்டு. வாப்பா பாண் வாங்கப் போய்ட்டார்."

12ஆவது தரம் ஓடியது. இரண்டிலும் திங்கள் மஃரிப். சரியான நாள்தான். அந்த நாள் போய்விட்டதே.

பட்டியலில் இன்னும் இரண்டு பெண்கள். அவர்களுக்கு இத்தா இன்னும் முடியவில்லை, தேதி திருத்திக் கொடுத்தேன். ராத்தாவுக்கு எதைத் திருத்த?

பின்னிரவு தஹஜ்ஜுத் தொழுகையில் துஆ வரவில்லை.

15, வியாழன்

வெயில். ராத்தா போனில் கோல் எடுத்தா. "புள்ள, நாளைக்கு ஜும்ஆ முடிய வட்டிலப்பம் செஞ்சி கொண்டு வாறன். ஒண்ட கம்பியூட்டரப் பத்திப் புத்தளத்திலயும் பத்துப் பேருக்குச் செல்லிட்டன்." ஓம் ராத்தா என்றேன்.

மார்க்கத் தீர்ப்புக் கேட்டு மதரஸா ஹஸ்ரத்துக்கு எழுதியது, ஷிபாவிடம் கொடுத்தனுப்ப:

அஸ்ஸலாமு அலைக்கும் ஹஸ்ரத். ரஸீனா ராத்தா இத்தாவின் கடைசி நாளில் வெளியே போய்விட்டா. தெரிந்து செய்யவில்லை. பிழையான தேதி கொடுத்தது நான். அவ அந்த ஒரு நாளைத் திரும்ப இருக்க வேணுமா? குற்றம் அவமேலா, என்மேலா? அவவிடம் சொல்லித்தான் ஆகணுமா? நாளை ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டுக்கு வாறா. அதற்கு முன் பதில் சொல்லுங்கோ.