சிவக்காத கம்பளி

மார்ச் 1, சனி

வீட்டுக் கூடத்தில் மூன்றாவது கம்பளி வகுப்பு. ஒன்பது பேர் வந்தார்கள். கைவாகு இருப்பது இரண்டு பேருக்கு. கம்பளி நாரை அடுக்கி, சோப்பு கலந்த வெந்நீர் தெளித்து, ஃபெல்ட் என்னும் தடித்த துணியாக இறுகும் வரை தேய்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இவர்கள் பூனைக்குட்டியைத் தடவுவது போலத் தடவுகிறார்கள்.

மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவர். சாயம் பிடிக்கப் படிகாரம் எத்தனை கிராம் போட வேண்டும் என்று இன்றும் கேட்டார். "கண்ணு இருக்குல்ல, பாருங்க" என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்!

மார்ச் 5, புதன்

மருமகள் அனுப்பிய ஆள் வந்து வீட்டுத் தொட்டிக் குழாயில் உப்பை வடிக்கும் உருளை ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். "மாமா, இனிமே பாத்ரூம்ல உப்புக் கறை படியாது, அத்தைக்கு முடியும் கொட்டாது." எழுபத்தொரு வயது வரை உருளை இல்லாமல்தான் குளித்தேன். யார் கேட்டார்கள்?

நூலக வாசலின் இருபுறமும் தொங்கவேண்டிய கம்பளித் திரைகளில் இடது திரை முடிந்துவிட்டது. அதில் ஓடும் சிவப்புப் பட்டை, கதவைத் தாண்டி வலது திரையில் தொடர வேண்டும். அதே சிவப்பு. பொருந்தாவிட்டால் இரண்டுமே வேண்டாம் என்று நூலகக் குழுவில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒருவர், "எங்க படிச்சீங்க சார்?" என்று கேட்டவர். மனைவியின் ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுக் கெடுத்ததில் படித்தேன் என்று சொல்லவில்லை. அந்த முகம் பதிலுக்குத் தகுதியானது இல்லை.

இருபத்தெட்டாம் தேதி மாட்ட வேண்டும்.

மார்ச் 8, சனி

வகுப்பில் நுரை பொங்கி மேசையிலிருந்து வழிந்தது. எவரோ சோப்பை இரட்டிப்பாகப் போட்டிருக்கிறார். "நான் இல்ல சார்" என்று ஒன்பது வாயும் ஒரே நேரத்தில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோற்றார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரை ஊறவைத்து, மெல்லச் சூடேற்றி, கம்பளியை இறக்கினேன். எப்போதும் போலத்தான். எடுத்தால் ஆரஞ்சு. பழச்சாறு விளம்பரத்து ஆரஞ்சு.

மார்ச் 12, புதன்

வேர் வியாபாரியிடம் போனில் கத்தினேன். "அதே மூட்டைதான் சார், மத்தவங்க யாரும் குறை சொல்லல." மத்தவங்களுக்குக் கண் இருந்தால்தானே! "அப்ப நான் பொய் சொல்றனாய்யா?" என்று வைத்துவிட்டேன். வேறு கடையில் வாங்கிக்கொள்வேன்.

மார்ச் 15, சனி

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றார் மருந்துக்கடை அம்மாள்.

"படிகாரமா?"

"இல்ல சார், தண்ணி..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாப்பது வருஷமா சாயம் போடறவன் நான். நாலஞ்சு சனிக்கிழமை வந்துட்டு எனக்குத் தண்ணி பத்திச் சொல்லித் தர்றீங்களா? ஒண்ணு நோட்டை மூடுங்க, இல்ல கிளம்புங்க."

நோட்டை மூடினார். கிளம்பியும் விட்டார். நோட்டு மேசை மேலேயே கிடந்தது.

மீதி எட்டுப் பேரும் அதன்பின் ஒழுங்காகத் தேய்த்தார்கள். நல்லதுதான்.

மார்ச் 16, ஞாயிறு

நோட்டு சன்னலோரம் இருக்கிறது. திறக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

"அது என்ன, கடிச்சிடுமா? திறந்துதான் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"அடுத்தவங்க எழுதினதைப் படிக்கற பழக்கம் எனக்கில்ல."

"எங்கம்மா எனக்குப் போட்ட கடுதாசியெல்லாம் யாரு பிரிச்சுப் படிச்சாங்களாம்?"

இவளோடு பேசி ஜெயித்தவன் எவனும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

புதுக் கடை வேர். புதுப் படிகாரம். மூன்றாவது பானை. மீண்டும் ஆரஞ்சு. என் கண்ணே போய்விட்டதா என்று இடது திரையை வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண் போகவில்லை.

நோட்டைத் திறந்தேன்.

நல்ல கையெழுத்து, எரிச்சலூட்டும் அளவுக்கு. மார்ச் 1: "மேசை காய்ந்ததும் வெள்ளைத் திட்டுகள். உப்புத் தண்ணீர்." மார்ச் 8: "அதே அளவு சோப்பு, நானே அளந்தேன். நுரை மூன்று பங்கு. மேசையில் திட்டு இல்லை. தண்ணீர் மாறிவிட்டதா? மஞ்சிட்டி சிவக்கத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து வேண்டுமாம். கால்சியம் மாத்திரை பொடித்துப் போட்டால் ஈடாகுமா? சாரிடம் கேட்க வேண்டும். பயமாக இருக்கிறது."

உருளை. உப்போடு சுண்ணாம்பையும் வடித்துவிட்ட அந்தப் பாழாய்ப்போன உருளை.

இத்தனை வருடம் பாதி வேலையைக் குழாய்த் தண்ணீர் செய்திருக்கிறது. என் கை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கேட்கப் பயமாம். நான் என்ன புலியா?

மார்ச் 19, புதன்

"என் முழங்கால் கால்சியம் மாத்திரையில நாலு குறையுதே?" என்றாள் மனைவி. எனக்கென்ன தெரியும் என்றேன். மூக்கு நுனியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்ததைக் குளிக்கும்போதுதான் பார்த்தேன்.

மார்ச் 20, வியாழன்

சிவப்பு.

மார்ச் 21, வெள்ளி

மருந்துக்கடை அம்மாள் வீட்டுக்குப் போனேன். "நோட்டை விட்டுட்டு வந்துட்டீங்க" என்றேன். மன்னிப்புக் கேட்க வந்தவன், நோட்டை மட்டும் நீட்டினேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கலர் வந்துச்சா சார்?"

"வந்துச்சு."

"எத்தனை மாத்திரை?"

ஒரு கைப்பிடி என்று சொல்ல வாய் வந்தது. "நாலு" என்றேன். வாசலில் நின்றபடியே எழுதிக்கொண்டார்.

மார்ச் 28, வெள்ளி

மாட்டியாயிற்று. பட்டை கதவைத் தாண்டி ஒரே கோடாக ஓடுகிறது. எங்கே படித்தேன் என்று கேட்டவர் மூக்கு உரசும்படி நின்று பார்த்தார். "எப்படி சார் இவ்வளவு சரியா?"

"கண்ணு இருக்குல்ல" என்றேன்.

மருந்துக்கடை அம்மாள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். மாத்திரைக் கதையைப் போட்டு உடைக்கவில்லை. உடைத்திருக்கலாம்.

மார்ச் 29, சனி

வகுப்பு. ஒன்பது பேர். இன்னும் பூனைக்குட்டிதான் தடவுகிறார்கள்.

சாயப் பானைக்கு வந்ததும் ஒருவர் அரைக் குரலில், "படிகாரம் எவ்வளவு சார்?" என்று கேட்டுவிட்டு, தானே தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

"அந்தம்மா நோட்டுல இருக்கு, பாத்துக்குங்க" என்றேன்.