ரோஸ் மெழுகுதிரி காணோம்

நவ. 27, ஞாயிறு
காலையிலிருந்து பனிமூட்டம். தெமோதரைப் பக்கம் ரயில் சத்தம் மட்டும், ரயிலைக் காணோம்.
கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலம் ஆரம்பம். தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார் அப்பாதான். பூசைக்கு மட்டும் பங்குச் சாமி வருவார். பச்சைக் கிளை வளையத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக நாலு மெழுகுதிரி. ஊதா மூன்று தவத்துக்கு, ரோஸ் ஒன்று மகிழ்ச்சிக்கு. ரோஸ் மூன்றாம் ஞாயிறுதான். ஏற்றும் முறை இந்த வருடம் எனக்கு!
பிரசங்கம்: விழித்திருங்கள், திருடன் எந்த நேரமும் வருவான். அப்போது அப்பா ஏன் என்னைப் பார்த்தார்?

டிச. 7, புதன்
நேற்றுக் கார்த்திகை. லயத்து வரிசை வீடுகள் முழுக்க விளக்கு, எங்கள் வாசல் மட்டும் இருட்டு. நாங்கள் வேதக்காரர்.
மாலைச் செபத்துக்குப் போனால் வளையத்தில் பல் விழுந்த மாதிரி ஓட்டை. ரோஸ் இல்லை. செபமாலை முடியும்வரை அப்பா பொறுத்தார். பிறகு என்னிடம்: "எங்க வெச்ச?"
போன ஈஸ்டருக்குத் தீர்த்தத்தில் ஷாம்பு ஊற்றியது நான். ஒத்துக்கொள்கிறேன். இது நானில்லை. யார் நம்புவார்? திரி போனதால் நான் திருடி இல்லை, திரிடி.
ஞாயிறன்று ஏற்றப்போவது இப்போது என் வகுப்பு ஸ்டெல்லாவாம். அவளுக்குக் குச்சி உரசவே தெரியாது.
சந்தேகப் பட்டியல்:
- எலி. (துணுக்குக்கூடச் சிந்தவில்லை. இல்லை.)
- ஸ்டெல்லா. (லாபம் அவளுக்கு.)
- சாவி உள்ளவர்கள்: அப்பா, கோயில் கூட்டும் அம்மா. (ச்சே.)

டிச. 8, வியாழன்
மழை. அம்மா வேலைக்குப் போகவில்லை. ரவிக்கைத் துணி எடுக்கப் பதுளைக்கு. திரும்பி வந்த பையில் துணி இல்லை, வெள்ளை மெழுகுதிரி ரெண்டு.
"எந்தக் கடையிலயும் ரோஸ் இல்லடி" என்றார்.
நான் கேட்கவே இல்லையே. எனக்கு வந்தது பாவத்துக்கு வருந்தும் உத்தம மனஸ்தாபம் அல்ல, உத்தம சந்தேகம்.

டிச. 9, வெள்ளி
தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில், கவிழ்த்து வைத்த சிரட்டை. திருப்பினேன். உள்ளே ரோஸ் மெழுகு.
கல்யாணத்துக்கு முன் அம்மாவுக்கு மாரியம்மன் கோயில். அப்பாவுக்காக வேதத்துக்கு வந்தவர். வருடா வருடம் கார்த்திகைக்கு இப்படித்தான் ஒளித்து ஏற்றினாரா? கடையில் அகல் கேட்டால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். உபதேசியார் பெண்சாதி கையில் மெழுகுதிரி இருந்தால் யார் கேட்பார்? கெட்டிக்காரி. ஆனால் ஏன் ரோஸ்?
சொன்னால் அம்மா மாட்டுவார். சொல்லாவிட்டால் நான்.
அம்மா வாங்கிய வெள்ளைத் திரி + என் பழைய ரோஸ் கிரேயான் + பால் டின். உருக்கி ஊற்றினால் நிறம் ஊசி போட்ட இடம் மாதிரி. பரவாயில்லை. அம்மாவின் சாவியால் கோயிலைத் திறந்து, வளையத்தில் நட்டுவிட்டுத் திரும்பினால் வாசலில் அப்பா.
"தெரியும் எனக்கு, நீதான்னு."
கிரேயான் ஒட்டிய விரல்களைப் பாவாடையில் துடைத்தேன்.

டிச. 10, சனி
பாவசங்கீர்த்தனம். பெற்றவளைச் சந்தேகப்பட்டேன் என்று சொன்னேன். சந்தேகம் சரியாக இருந்ததா என்று சாமி கேட்டார். ஆமாங்க சாமி. இருமுகிற சாக்கில் சிரித்தார். பரிகாரம், மூன்று அருள் நிறைந்த மரியே.
எனக்குப் பின்னால் அம்மா. கால் மணி நேரம். அவ்வளவு நேரம் என்ன?
பொழுதுசாய அடுப்படியில் அப்பாவும் அம்மாவும் குசுகுசு. நான் நுழைந்ததும் நிறுத்திவிட்டார்கள். என்னை ஹொஸ்டலில் தள்ளப் பார்க்கிறார்களோ? காதில் விழுந்தது அம்மா சொன்ன ஒன்றுதான்: "ஊதா தவசுக்கு, ரோஸ் சந்தோசத்துக்குன்னு நீங்கதான சொன்னீங்க."

டிச. 11, ஞாயிறு
வெயில், அதிசயம். ஸ்டெல்லா முன் வாங்கில் உட்கார்ந்திருந்தாள், புதுச் சட்டை. அப்பா நெருப்புப்பெட்டியோடு வந்தார். அவளைத் தாண்டினார். என் கையில் வைத்தார். குனிந்து, செபம் சொல்லும் அதே முகத்தோடு:
"வார வருசக் கார்த்திகைக்கு வெள்ளையில ஒண்ணு எடுக்கச் சொல்லு அம்மாவ. ரோஸ் கெடைக்க மாட்டேங்குது."
மூன்றாவது குச்சியில் பிடித்தது. கோயில் முழுக்கக் கிரேயான் நாற்றம். முக்காட்டுக்குள் அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகை இல்லை. எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.