நான் விழுங்கிய வரி

செவ்வாய், இரவு.

இவர் போன படகு இன்றும் கரைக்கு வரவில்லை. காற்று மட்டும் ஓய்ந்துவிட்டது.

பின்னேரம் அயலவர்கள் செபமாலை சொல்ல வந்தார்கள். மாமி தனக்குத் தொண்டை அடைத்துவிட்டதென்று செபமாலையை என் கையில் வைத்து, "பிள்ளை, நீ முன்னுக்குச் சொல்லு" என்றார்.

கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள் நான். நல்லூரில் சைவமாய் வளர்ந்த எனக்கு, ஒருவர் 'எங்கள் தந்தையே' செபத்தின் முன்பாதியைச் சொல்ல, எல்லாரோடும் சேர்ந்து பின்பாதியைச் சொல்லித்தான் பழக்கம். அது அன்றாட உணவு கேட்கிற பாதி, அதில் பயமில்லை. இன்று முன்பாதியைத் தனியே சொல்லும்போதுதான் அந்த வரி வந்து நின்றது: உமது திருவுளம் நிறைவேறுக. அதை விழுங்கிவிட்டேன். ஒன்றும் நடக்காததுபோல எல்லாரும் பின்பாதியைச் சொன்னார்கள். அடுத்தடுத்த முறையும் விழுங்கினேன்.

சனம் போனபின் மாமி குசினிக்குள், அடுப்படிக்கு வந்தார்.

"ஏன் பிள்ளை அதை விட்டனீ?"

"அவரை எடுக்கிறதுதான் ஆண்டவரின்ரை விருப்பமெண்டால், மாமி? அதுக்கும் நான் ஓம் எண்டு சொல்லுறதோ?"

"அவன் என்ரை வயித்திலை பிறந்தவன்! எனக்கு மட்டும் அது வாயிலை வருமெண்டு நினைச்சியோ? அதுதானே உன்னட்டைத் தந்தனான்!"

குரல் கணீரென்று வந்தது. தொண்டையில் அடைப்பு ஒன்றும் இல்லை.

நாளைக்கும் சனம் வரும். முன்பாதியை யார் சொல்வது? இப்போது மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். 'உமது' வரைக்கும் வருகிறது. அதற்கு மேல், அவரைத் தாரும், அவரைத் தாரும் என்றுதான் வாய் போகிறது.