மகாராணியின் உப்புத் தண்ணீர்

மார்ச் 4

மகாராணிக்கு இன்று அறுவை முடிந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே பெரிய குண்டெலி. நின்றாலும் படுத்திருப்பது போலத்தான் தெரியும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இரண்டையும் எடுத்து, முதுகில் தையல் போட்டேன். இனி அவள் உடம்பில் உப்பு தங்காது. புட்டியில் உப்புத் தண்ணீர்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போவாள்.

சுரப்பி போனால் கொழுப்பு கரையுமா, எந்தத் தீனிக்கு எப்படி என்பதுதான் ஆய்வு. அண்ணி இன்றும், "உன் எலிங்கள விட நீதான் நல்லா தேறியிருக்க" என்றாள். சிரித்துவைத்தேன். வலித்தது.

மார்ச் 19

சாதாத் தீனி தின்பவை இளைக்கின்றன. கொழுப்புத் தீனிக்காரர்கள் அவ்வளவாக இளைக்கவில்லை. மகாராணிக்குச் சாதாத் தீனி. அதிலும் பாதி மிச்சம். தூக்கினால் முரண்டு பிடிப்பதில்லை. என் உள்ளங்கையை நக்கிக்கொண்டே இருக்கிறாள், வியர்வை உப்புக்காக.

ஏப்ரல் 2

பழைய நீலச் சட்டை உடம்பில் ஏறியது! பட்டினி கிடக்கவில்லை, பசிதான் இல்லை. கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

"என்ன டயட்டு?" — அண்ணி.

"எலித் தீனி, அண்ணி."

அவள் சிரிக்கவில்லை. "கைரேகையெல்லாம் கறுத்துப்போச்சு. வெயில்ல அலையாத."

நான் வேலை செய்யும் அறைக்கு ஜன்னலே கிடையாது.

ஏப்ரல் 11

எழுதக் கூசுகிறது. புட்டிகள் மாறிவிட்டனவோ என்று சந்தேகம். மகாராணியின் புட்டியிலிருந்து ஒரு சொட்டு கையில் விட்டு நக்கினேன். இன்னொரு சொட்டு. பிறகு புட்டியையே — காலியாகும் வரை. இவ்வளவு ருசியாக எதையும் குடித்ததில்லை.

மகாராணி கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தலை சுற்றியது. புட்டியை நிரப்பி மாட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 16

மகாராணி செத்துப்போனாள். மெலிந்து, அழகாக இருந்தாள். புட்டியில் இருந்தது வெறும் தண்ணீர். நிரப்பினது நான். நானேதான்.

குனிந்து அவளைத் தூக்கியபோது கண் இருட்டியது. பசியில்ல, உப்பு வேணும், உடம்பு இளைக்குது — இதையெல்லாம் எலிகளப் பத்தி நானே எழுதியிருக்கேனே?

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி, முதுகில் தையல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். இல்லை. ஆனால் தேடினேன்.

டாக்டரிடம் போனால் மாத்திரை தருவார். மாத்திரை போட்டால் பழைய உடம்பு திரும்பும். போகணுமா?

ஏப்ரல் 18

போகவில்லை. நீலச் சட்டை இப்போது தொளதொளவென்று இருக்கிறது.

ஏப்ரல் 23

ஆஸ்பத்திரி. சமையலறையில் உப்பு ஜாடியைக் கட்டிக்கொண்டு கிடந்தேனாம். அண்ணிதான் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

"ரெண்டு அட்ரினலும் தானா காஞ்சுபோச்சும்மா. கைரேகை கறுத்ததும் அதனாலதான். இனி ஆயுசுக்கும் மாத்திரை" என்றார் டாக்டர்.

தலைக்கு மேல் ஒரு புட்டி தொங்கியது. அதிலிருந்து கைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்குவது உப்புத் தண்ணீர். யார் நிரப்பியது என்று நர்ஸிடம் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஜூன் 9

நீலச் சட்டை தோளைத் தாண்டவில்லை. அண்ணி அதை வாங்கி மடித்து வைத்தாள்.

ராத்திரி முதல் வாய் சாப்பிட்டதும், "உப்பு கரிக்குது, அண்ணி" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.