தாய்க்குருத்து வெட்டிய இரண்டு வரிசை

பிப். 16, ஞாயிறு
காலை எட்டு மணி வரை பனி. மலையே கண்ணில் படவில்லை. கிணற்றோர அரை ஏக்கரில் கரும்பு நாற்று நட்டு இன்றோடு முப்பது நாள். நல்ல பச்சை. வரிசைக்கு வரிசை ஐந்தடி இடைவெளி, நடுவில் உளுந்து. "இந்த சந்துல ஒடுகத்தூர் பஸ்ஸே வுடலாம்" என்று வீட்டுக்காரர் கிண்டல்.

நேற்று சர்க்கரை ஆலை ஃபீல்டுமேன் வந்து சொன்னது: "அக்கா, நடுவுல கீற தாய்க்குருத்த அடியொட்டி வெட்டிடுங்க. அப்பதான் சுத்தி புதுசா தூர் வெடிச்சி எல்லாம் ஒரே சமமா வரும். பத்து நாளுக்குள்ள முடிங்க. அப்புறம் வெட்டி பிரயோஜனம் இல்ல."

சொல்லிவிட்டு பைக் ஏறிவிட்டார். கரும்புக் கணுவில் ஒவ்வொரு பருவாக நறுக்கி, குழித்தட்டில் வைத்து, முளைக்க வைத்தது நான் அல்லவா. கத்தரிக்கோலோடு போனேன். இரண்டு வரிசை வெட்டினேன். அதற்கு மேல் கை வரவில்லை. வந்து டீ போட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

வாங்க: ஃபியூஸ் கம்பி, மண்வெட்டிப் பிடி, சீரகம்.

பிப். 17, திங்கள்
மானம் போன நாள்.

காலையில் மோட்டார் போடப் போனவர் மொட்டையாக நின்ற இரண்டு வரிசையைப் பார்த்திருக்கிறார். நேரே பக்கத்து நிலத்துக் கோவிந்தன் வீடு. கோவிந்தனிடம் ஆறு ஆடு.

"யோவ் கோவிந்தா! உன் ஆடு என் கரும்ப மேஞ்சிட்டு பூட்டுது, நீ வூட்ல குந்திக்கினு கீற?"

"இன்னாண்ணா பேசுற? என் ஆடுங்க பட்டிய வுட்டு வெளியவே வர்ல!"

ஆடு இத்தனை ஒழுங்காக வரிசை பிடித்து மேயுமா என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நான் மாட்டுக்கொட்டகையில். சத்தம் காதில் விழுந்தும் சாணி அள்ளிக்கொண்டே இருந்தேன். கோவிந்தன் ரோஷக்காரன். "வா, மாரியாத்தா கோயில்ல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்றேன்" என்று கடைக்கே போய்விட்டான், கற்பூரம் வாங்க.

ஓடினேன். அதற்குள் கோயிலில் கற்பூரம் எரிகிறது.

"ஆடு இல்லீங்க. நான்தான் வெட்னேன்."

கோவிந்தன் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஆடாவது பசிக்கு மேயும். அண்ணிக்கு இன்னா வந்துச்சி?"

ஏற்றிய கற்பூரத்தை வீணாக்காமல் மூன்று பேரும் கும்பிட்டுவிட்டு வந்தோம். வழியெல்லாம் அவர் எனக்கு இருபதடி முன்னாலேயே நடந்தார்.

பிப். 18, செவ்வாய்
ஃபீல்டுமேன் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் பதில்: "மிச்சத்துல கைய வெக்காத. அந்த ரெண்டு வரிசை துளுக்கலன்னா வர்ற வருசம் நெலம் பூரா சவுக்குதான்."

சவுக்கு வைத்தால் நாலு வருஷம் எனக்கு நிலத்தில் வேலை கிடையாது. காலை ஆறுக்குச் செருப்புக் கம்பெனி வேன் ஏற வேண்டியதுதான். தெருவில் பாதிப் பேர் அதில்தான் போகிறார்கள். வேன் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. எனக்கு நிலம் வேண்டும், அவ்வளவுதான்.

பிப். 21, வெள்ளி
ஒன்றும் இல்லை. வெட்டிய இடம் காய்ந்து பழுப்பு. வெட்டாத வரிசைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிற உயரம். வயிற்றெரிச்சல். உளுந்தில் களை எடுத்தேன்.

நான் போகும்போதெல்லாம் கோவிந்தன் பட்டியைக் காட்டுகிறான். "அண்ணி, எண்ணிக்கோ. ஆறும் கீது."

பிப். 23, ஞாயிறு
மேகமூட்டம். முதல் வரிசையில் குந்தி மண்ணை விரலால் விலக்கினேன். வெட்டிய கட்டையைச் சுற்றி முளை. வெள்ளையும் பச்சையுமாக நாலு. அடுத்ததில் மூன்று. அதற்கடுத்ததில் நாலு. இரண்டு வரிசையும் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே உயரம். வெட்டாததில் நடுவில் ஒரு தடியன், ஓரத்தில் ஒரு நோஞ்சான்.

அழுகை வந்துவிட்டது. முழங்கால் எல்லாம் சேறு.

பிப். 24, திங்கள்
அவரிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். பார்க்கப் போகவில்லை. நாளையோடு பத்து நாள் முடிகிறது. கோபத்தில் குழம்புக்கு உப்புப் போட மறந்தேன். அதையும் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

பிப். 25, செவ்வாய்
விடிகாலை. அவர் பாய் காலி. ஆணியில் கத்தரிக்கோல் இல்லை. ஓடினேன். ரோட்டில் கம்பெனி வேன் ஹாரன்.

அவர் ஏழாவது வரிசையில் குந்தி வெட்டிக்கொண்டிருந்தார். பின்னால் கோவிந்தன், வெட்டிய குருத்தெல்லாம் கூடையில் பொறுக்கிக்கொண்டு.

"நேத்து சாய்ங்காலமே வந்து பாத்தேன்மே," என்றார் தலை நிமிராமல். "இன்னாத்துக்கு நிக்கிற? இன்னும் எம்மாம் வரிசை கீது பாரு."

"கூடைல கீறதெல்லாம் என் ஆட்டுக்கு," என்றான் கோவிந்தன். "திருட்டுப்பட்டம் கட்னீங்க இல்ல? இன்னைக்காவது தின்னட்டும்."

இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்து என்னிடம் நீட்டினான். எட்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். கை வந்தது.