சின்னப்பாப்பாவின் புடவை

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? துபாயில் நான் நலமே.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நம் துணிக்கடையில் வாங்கும் துணிக்குப் புள்ளி சேர்க்கும் அட்டைக்குப் பதிலாக நான் செய்துகொடுத்த செயலியில், உதவிக்கு என் எண்ணைத்தான் போட்டிருந்தேன். குருசுக்குப்பத்தில் மீன் விற்கும் சின்னப்பாப்பா நேற்று கணவரின் போனிலிருந்து என்னை அழைத்தார்.

"ஏம்பா, அட்டை என் சுருக்குப்பையில இருந்துச்சு. வருசம் பூரா சேத்து ஒரு பொடவ எடுப்பேன். இப்ப பாயிண்டெல்லாம் இவரு போனுக்குப் போவுது. ரெண்டு லுங்கி எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறாரு. நீ படிச்சவன்தானே?"

சிரித்துவிட்டேன். பிறகு சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தேன். குப்பத்துப் பெண்கள் பலரிடம் சொந்தமாகப் போன் இல்லை, அட்டையும் இருக்கட்டும் என்று தம்பி தஸ்லீம் அப்போதே உங்கள் மூலம் எனக்குச் சொல்லியனுப்பினான். கடையை நீங்கள் அவனுக்கே கொடுத்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அவன் சொன்னான் என்பதற்காகவே அட்டையை அடியோடு நிறுத்தச் சொன்னேன்.

சின்னப்பாப்பாவுக்கு என் பெயரில் ஒரு நல்ல புடவை கொடுங்கள். அம்மாவிடம் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் அனுப்பச் சொல்லுங்கள். தனியாகச் சாப்பிட எதுவும் பிடிக்கவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. தஸ்லீமின் எண்ணை எப்போதோ அழித்துவிட்டேன். அனுப்புங்கள். குப்பத்துப் பெண்களுக்கு அட்டையை மறுபடி கொடுக்கும்படி அவனிடம் நானே கேட்க வேண்டும்.

உங்கள் மகன்,
ஷாரிக்